பக்கத்து அறைக்குப் பதிவுத் தபால்

மண்மொழி வாரியத் தலைவர் என்ற பெரிய பொறுப்பில் இருப்பவரும், என் மனைவியோடு உடன்பிறந்த ஒரே தம்பியும், அந்த வகையில் எனக்கு மைத்துனருமான உங்களுக்கு, ஓய்வுபெற்ற பேருந்து டிக்கெட் பரிசோதகனாகிய உங்கள் அத்தான் பணிவோடு எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் உங்கள் நலத்தை அறிய நான் ஆவல்பட வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை பேப்பரில் வந்துவிடுகிறது. போன வாரம் ஏதோ கட்டடத் திறப்பில் கத்தரிக்கோலோடு நின்றீர்கள். கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள். இங்கே எங்கள் நலத்தைப் பொறுத்தவரை, நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பொய் சொன்னவர்களைப் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டே சம்பளம் வாங்கியவன் நான், அதனால் அந்த வரியை எழுதாமல் மேலே போகிறேன்.

உங்கள் அக்காள் படுத்த படுக்கையாகிவிட்டது உங்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த மாதிரி நீங்கள் நடந்துகொள்ளவில்லை என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள் அங்கேயே சரிந்தாள். மூளையில் ரத்தம் அடைத்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அது போதாதென்று, கண்விழித்ததும் அவள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. நானும் அவளும் இத்தனை வருஷம் பேசிய ஊர்மொழி, அவள் என்னைத் திட்டிய மொழி, காய்கறிக்காரரைக் கதறவைத்த மொழி, துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. மிச்சம் இருப்பது உங்கள் அம்மா உங்கள் இரண்டு பேரையும் வளர்த்த உங்கள் மொழி மட்டும்தான். டாக்டரைக் கேட்டேன். "மாடி இடிஞ்சு விழுந்துடுச்சு, கீழ்வீடு நிக்குதுன்னு வச்சுக்குங்க. ஆனா கீழ்வீட்டுலயும் விரிசல் இருக்கு. பேச்சு கொஞ்சம் கொஞ்சமா குறையும். அவங்ககிட்ட பேச வேண்டியது ஏதாவது இருந்தா இப்பவே பேசிடுங்க" என்றார். எதில் பேசுவது என்று அவர் சொல்லவில்லை. அது அவர் துறை இல்லையாம்.

உங்கள் மொழியில் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியாது. நீங்கள் போராடி வாங்கிக் கொடுத்த மண்மொழிக் காப்புச் சட்டம் வந்த பிறகு, ஏற்கெனவே இருந்த இரண்டு அரசு மொழிகளோடு மூன்றாவதாக உங்கள் மொழியிலும் பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை அதைக் காது புளிக்கக் கேட்டவன். எனக்கு மனப்பாடம். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல சட்டம். முதல் முதலாக உங்கள் மொழியில் அந்த ஒலிபெருக்கி பேசிய நாளில் உங்கள் அக்காள் கையில் பையோடு அதற்குக் கீழேயே நின்றாள். அது மறுபடி சொல்லும் என்று நின்று, மறுபடி சொன்னதும் இன்னொரு தடவை சொல்லும் என்று நின்று, ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டாள். இத்தனைக்கும் அது சொன்னது ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை என்பதுதான். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லும்போது அழுதாள். அந்தச் சட்டத்தை வாங்கிக் கொடுத்தது தன் தம்பி என்று தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு உலை வைத்தாள்.

ஆக இப்போது நான் என் மனைவியிடம் பேசக்கூடியது பஸ் நிலையம் சொல்லிக்கொடுத்த ஆறேழு வாக்கியங்கள். காலையில் மாத்திரையை நீட்டி, "பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்பேன். அவள் விழுங்குவாள். முதுகைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, "வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்பேன். வலிக்காமல் திருப்ப எனக்குத் தெரியாது, அவள் முகம் சுருங்கும், அப்போது, "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பேன். முதலில் அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனாலும் அது சிரிப்புத்தான். பழைய நாளில் நான் அவள் மொழியில் ஏதாவது கேட்டால், "இது உங்களுக்கில்லை, இது எங்க வீட்டு ஆளுங்களுக்கு" என்று வாயை அடைத்துவிடுவாள். கடைசியில் அவள் வீட்டு ஆள் ஆகிவிட்டேன், பஸ் நிலையத்தின் தயவில்.

ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவள் படுத்திருந்த வார்டில் மூன்று மொழியிலும் பலகை இருந்தது. உங்கள் மொழியில் பேசுவது உங்கள் உரிமை என்று பெரிய போஸ்டரும் இருந்தது. அதில் கையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பது நீங்கள்தான். அதற்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரு இளம் டாக்டர் இது எந்த வருஷம், உங்கள் பெயர் என்ன என்று ஊர்மொழியில் கேட்டார். அவள் தன் மொழியில் நிறையச் சொன்னாள். அவர் 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவள் மனிதர்களிடம் பேசுவதை விட்டுவிட்டு உங்கள் போஸ்டரிடம் பேச ஆரம்பித்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். போஸ்டரில் இருப்பது இவளுடைய சொந்தத் தம்பி என்று நான் விளக்கியதும் எனக்கும் கலங்கிவிட்டது என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் போஸ்டரைக் கேட்டேன். அரசுச் சொத்து, தர முடியாது என்றார்கள். ஆயுசு முழுக்கச் சட்டத்தை மீறாதவன், சக்கர நாற்காலியில் அவள் மடியில் போர்வை போட்டு, போர்வைக்கு அடியில் உங்களைச் சுருட்டி வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது அவள் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். மூலை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, மன்னிக்கவும்.

அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. உங்கள் சட்டப்படி மண்மொழி மட்டுமே பேசும் குடிமக்களுக்கு அரசு செலவில் ஒரு மொழித் துணையாளரை அனுப்ப வேண்டும் என்று கேள்விப்பட்டு உங்கள் வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்குப் போனேன். மண்மொழி உரிமைப் பிரிவு என்ற கவுண்டரில் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மீன்வளத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவராம். விண்ணப்பத்தை மண்மொழியில்தான் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும், வேறு மொழியில் கேட்டால் அது உரிமையே ஆகாது என்றார். என் மனைவிக்குத்தான் அந்த மொழி தெரியும், அவளால் வர முடியாது, எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதவருக்கு அந்த உரிமை எப்படிப் பொருந்தும் என்று நியாயமாகக் கேட்டார். வரிசையில் பின்னால் வேறு யாருமில்லை, யாரும் வந்ததாகவும் தெரியவில்லை. நான் மேசைமேல் கையை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, உங்கள் மொழியில், "கேட்பாரற்றுக் கிடக்கும் பைகளைத் தொடாதீர்கள், உடனே காவலருக்குத் தெரிவியுங்கள்" என்று கணீரென்று சொன்னேன். அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். சொல்லி முடித்ததும், "கேக்கவே எவ்வளவு அழகா இருக்கு" என்று நெகிழ்ந்துபோய் அனுமதி முத்திரை குத்தினார். எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை மச்சான், வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோதும் வரவில்லை.

துணையாளர் வந்தார். நடுவயதுக்காரர், கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை, கையில் சட்டப் புத்தகம், தேய்த்த சட்டை. டீ கொடுத்தால் அன்பளிப்பு ஆகிவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நான் அவருக்கு விதிமுறை என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் வந்த முதல் நாள் அவள் பக்கத்தில் அவரை நிறுத்தி, "சாப்பாட்டுல உப்பு போதுமான்னு கேளுங்க" என்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அரசு ஊழியருக்கும் குடிமகனுக்கும் இடையில் சேவை நடக்கும்போதுதான் தான் மொழிபெயர்க்கலாம், கணவன் மனைவி பேசிக்கொள்வது அரசு சேவை இல்லை என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஏதோ சொன்னாள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். சேவை நடக்கவில்லையே சார் என்றார்.

வேறு வழியில்லாமல் ஒரு சேவையை நடத்த வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டுக்குத் தினம் வரக்கூடிய அரசு ஊழியர் தபால்காரர் ஒருத்தர்தான். அதனால் நான் என் மனைவிக்குப் பதிவுத் தபால் அனுப்ப ஆரம்பித்தேன். சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதுவேன், நாலு தெரு தாண்டித் தபால் நிலையத்துக்குப் போய்க் கொடுப்பேன், மறுநாள் அது எங்கள் வீட்டுக்கே வரும், எழுதிய மேசைக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தபால்காரர் முதல் நாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், பக்கத்து ரூமுக்கா ரெஜிஸ்டர் தபால்? எழுந்து போய் நேர்லயே சொல்லிடலாமே" என்றார். அவருக்கு நான் எல்லாவற்றையும் விளக்கினேன். படிக்க முடியாதவர்களுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டுவது தபால்காரரின் கடமை என்று எப்போதோ போட்ட ஒரு உத்தரவு இருக்கிறதாம், அதை யாரும் இன்னும் ரத்து செய்யவில்லையாம், அதை எங்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் விதிமுறைதான். ஆகவே நான் எழுதியதைத் தபால்காரர் படிப்பார், விதிமுறை மொழிபெயர்ப்பார், அவள் பதில் சொல்வாள், விதிமுறை தபால்காரரிடம் சொல்வார், தபால்காரர் என்னிடம் சொல்வார். நான் என் மனைவியோடு பேசுவதற்கு இரண்டு அரசுத் துறைகள் தேவைப்பட்டன.

உப்பு விஷயத்துக்கு அவள் சொன்ன பதில் வெகுநேரம் நீண்டது. இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டிச் சொன்னாள். மூக்கைச் சுளித்துக் காட்டினாள். விதிமுறை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பயனாளர் உப்பு குறித்துத் தம் வருத்தத்தைப் பதிவு செய்கிறார்" என்றார். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் சார், மற்றதெல்லாம் கருத்துரை என்றார். ஆனாலும் அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. திட்டு வாங்காமல் வீடு வீடு மாதிரியே இல்லாமல் இருந்தது. ஜன்னலைத் திறக்கவா, எந்தப் போர்வை வேண்டும், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். தபால்காரர் அலுத்துக்கொண்டேதான் வந்தார், ஆனால் வராமல் இருக்கவில்லை. பிறகு பிறகு, "அம்மா இன்னிக்கு எப்படி" என்று வாசலிலேயே கேட்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் என்னவோ நினைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் வாயால் சொல்லாத ஒன்றை எழுதிவிட்டேன். அது என்ன என்று உங்களுக்கு எழுத மாட்டேன், நீங்கள் அவளுடைய தம்பி. தபால்காரர் அதைப் பிரித்து ஒரு வரி படித்துவிட்டு மென்று முழுங்கினார். மீதியைச் செய்தி வாசிப்பவர் மாதிரி வேகமாகப் படித்தார். விதிமுறை இது சேவை வரம்புக்குள் வருகிறதா என்று புத்தகத்தைப் புரட்டினார், அதில் ஒன்றும் கிடைக்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, மெதுவாக அவளிடம் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறக்காமலே ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "பயனாளர் பெற்றுக்கொண்டார்" என்றார் விதிமுறை. தபால்காரர் அன்றைக்குத் தபாலைப் பெற்றதற்கு அவளுடைய இடது கைப் பெருவிரல் ரேகை வாங்க மறந்துவிட்டுப் போய் மறுபடி வந்தார்.

ஆனால் இவ்வளவு கூத்துக்கு நடுவிலும் அவள் தினமும் தானாகக் கேட்பது ஒன்றுதான். அதற்கு எனக்கு விதிமுறையும் தேவையில்லை, தபால்காரரும் தேவையில்லை. உங்களை அவள் கூப்பிடுகிற அந்த ஒரு வார்த்தையைக் கல்யாணம் ஆன நாள் முதலாகக் கேட்டிருக்கிறேன். போஸ்டரைப் பார்ப்பாள், வாசலைப் பார்ப்பாள், தம்பி எங்கே என்பாள். எனக்குத் தெரிந்த ஆறேழு வாக்கியத்தில் அதற்குப் பொருந்துகிற பதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. "வண்டி தாமதமாக வரும், பயணிகள் அமைதியாகக் காத்திருக்கவும்." காலையிலும் அதைச் சொல்கிறேன், சாயங்காலமும் அதைச் சொல்கிறேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் காத்திருக்கிறாள். டாக்டர் சொன்ன மாதிரியே பேச்சும் குறைந்துவருகிறது. போன மாதம் வாக்கியமாக வந்தது இந்த மாதம் வார்த்தையாக வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

நீங்கள் ஒரேயடியாக மறந்துவிட்டீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை போன் செய்தீர்கள். நான் அதை அவள் காதில் வைத்தேன். நீங்கள் கணீரென்று மூன்று வாக்கியம் பேசினீர்கள், கூட்டம் தொடங்கும்போது மேடையில் பேசுவீர்களே, அதே மாதிரி. அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. மூச்சு விடாமல் என்னென்னவோ சொன்னாள், நடுநடுவே கேள்வி கேட்டாள். உங்கள் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஊர்மொழியில், "அத்தான், சிக்னல் சரியா இல்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்றீர்கள். சிக்னலைத் திட்டித் தீர்த்தேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தை எழுதவைத்த சங்கதிக்கு வருகிறேன். விதிமுறையின் பணிக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பித்திருந்தேன். நேற்று உங்கள் வாரியத்திலிருந்து பதில் வந்தது. பயனாளரின் நெருங்கிய குடும்பத்தில் மண்மொழியைச் சரளமாகப் பேசக்கூடியவர் ஒருவர் இருப்பதால் அரசு துணையாளரை நீட்டிக்க விதியில் இடமில்லையாம். அப்படி யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் அது நீங்கள். கீழே உங்கள் கையெழுத்தின் ரப்பர் முத்திரை. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், உங்கள் ஆட்கள் குத்தியிருப்பார்கள். ஆனாலும் நான் கேட்கிறேன், உங்களுக்கு அந்த மொழி தெரியும் என்பதற்காக அவளுக்கு இருந்த ஒரு வாயையும் எடுத்துவிட்டீர்கள், அந்த மொழி தெரிந்த நீங்களோ எட்டிப்பார்க்க மாட்டேன் என்கிறீர்கள். சாகக் கிடக்கிற மொழிக்கு ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவருக்கு, அதைப் பேசிக்கொண்டு சாகக் கிடக்கிறவளிடம் பேச ஒரு மத்தியானம் இல்லையா? உங்கள் அம்மா வேலைக்குப் போனபோது உங்களை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள்தானே.

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். அரசாங்கம் வேண்டாம், அட்டை வேண்டாம், நீங்கள் வாருங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மொழியில் வயிறாரப் பேசுங்கள். அவள் என்ன கேட்கிறாள், மனதில் என்ன இருக்கிறது, எனக்கு ஏதாவது சொல்ல நினைக்கிறாளா என்று தெரிந்து எனக்கும் சொல்லுங்கள். இந்த உலகத்தில் அதைச் செய்யக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். இந்த வாரமும் வரவில்லை என்றால் இதே கடிதத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பிவிடுவேன். உங்கள் படம் மறுபடியும் பேப்பரில் வரும், இந்தத் தடவை கத்தரிக்கோல் இருக்காது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் வயசில் மூத்தவன் என்று பொறுத்துக்கொள்ளவும். உங்கள் பதவி உயரட்டும், உடம்பு தேறட்டும், பேசுகிற மேடையெல்லாம் உறுதியாக நிற்கட்டும். உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் அன்பும் ஆசியும். உங்கள் அக்காளின் ஆசி நான் மொழிபெயர்த்தது, ஆனால் அது சரியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
காத்திருக்கும்
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. பத்திரிகைக்கு அனுப்புகிற பேச்சும் ரத்து.

உறையை ஒட்டுவதற்கு முன்னால், உங்களை விளித்த முறை சரிதானா என்று கேட்க, விடைபெற வந்த விதிமுறையிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். "இதை அனுப்பாதீங்க சார். தலைவருக்கு அந்த மொழி தெரியாது" என்றார். மேடையில் நீங்கள் அந்த மொழியில் பேசுகிற மூன்று வாக்கியமும் அவர்தான் ஊர்மொழி எழுத்தில் எழுதிக் கொடுப்பதாம். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட உங்களுக்கு வராதாம். சின்ன வயதிலேயே உங்களைக் கொண்டுபோய்ப் போட்ட விடுதியில் அந்த மொழியில் வாயைத் திறந்தால் அடிப்பார்களாம், அடித்து அடித்தே போய்விட்டதாம். அதை ஒரு தடவை காரில் போகும்போது அவரிடம் சொல்லிவிட்டு நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்களாம். டிக்கெட் இல்லாமல் கடைசி சீட்டில் பதுங்கியவர்களை நான் நிறையப் பிடித்திருக்கிறேன். டிக்கெட் இல்லாமல் வண்டியையே ஓட்டுகிறவரைப் பார்த்ததில்லை. முதலில் ரத்தம் கொதித்தது. பிறகு, போனில் அவள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனபோது, அந்தப் பக்கம் ஒன்றும் புரியாமல் நீங்கள் நின்றிருப்பீர்களே என்று தோன்றியது. புரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதை அவளிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. தினமும் வாசலைப் பார்க்கிறவளை ஏமாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. விதிமுறையிடம், தம்பி வந்தாலும் உன்னோடு பேச முடியாது, அவனுக்கு மொழி மறந்துவிட்டது என்று அவளிடம் சொல்லச் சொன்னேன். அப்போது தபால்காரர் இல்லை, எந்தச் சேவையும் நடக்கவில்லை. அவர் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்து சொன்னார். அவள் ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, வெகுநேரம் பதில் சொன்னாள். இந்தத் தடவை அவர் பயனாளர் என்று ஆரம்பிக்கவில்லை. அவள் பேசுவது போலவே எனக்குச் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாதா? முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தப்பவே அவனுக்குப் போயிடுச்சு. அம்மா கேக்கறது ஒண்ணும் புரியாம முழிப்பான். நான்தான் பக்கத்துல ஒட்டி உக்காந்துக்கிட்டு அவன் சொல்ற மாதிரி எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன். அம்மாவுக்குச் சாகற வரைக்கும் தெரியாது. அவன்கிட்ட பேசறதுக்கா கூப்பிடறேன்? அவனைப் பார்க்கணும். சும்மா வந்து உக்காரச் சொல்லுங்க. வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க, இங்கே சாப்பிடட்டும்."

எனவே மச்சான், வாருங்கள், ஒன்றும் பேச வேண்டாம். சமையல் நான்தான். அதை மட்டும் அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டாம் என்று விதிமுறையிடம் சொல்லிவிட்டேன்.